ஒரு கை, நான்கு துப்பாக்கிகள்

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் நான் உறுப்பினராகச் சேர்ந்தபோது எனக்கு வயது 41. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையின் தரச்சோதனைப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் மைக்ரோமீட்டரோடு பழகிய கை என்பதால், இந்த விளையாட்டு எனக்கு எளிதில் வசப்பட்டுவிடும் என்று நம்பினேன். ஆறு ஆண்டுகளில் நான்கு வகைக் கைத்துப்பாக்கிகளைத் தொடர்ந்து சுட்டுப் பழகியிருக்கிறேன். ஒரு துப்பாக்கியில் நன்றாகச் சுடுபவர் மற்றவற்றிலும் நன்றாகச் சுடுவார் என்ற எண்ணம் பாதிதான் உண்மை என்பதை அந்தப் பழக்கம் எனக்குக் காட்டியது. ஒரு துப்பாக்கி மறைத்துவைக்கும் குற்றத்தை இன்னொன்று வெளியே கொண்டுவந்து வைக்கிறது. எது எதைக் காட்டும் என்று தெரிந்துகொண்டு சுட்டால் ஒவ்வொரு தோட்டாவும் பாடமாகிறது. தெரியாமல் மாற்றி மாற்றிச் சுட்டால் ஏற்கெனவே இருந்த திறமையும் குலைகிறது. இரண்டும் எனக்கு நேர்ந்திருக்கின்றன.

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது உரிமத்தைப் பற்றித்தான். 4.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பாயின்ட் 22, பாயின்ட் 32 (குழல் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் கணக்கு) போன்ற வெடிமருந்துத் துப்பாக்கிகளைச் சொந்தமாக வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கழகத்துக்குச் சொந்தமான துப்பாக்கிகளைக் கழக வளாகத்திலேயே, பயிற்சியாளரின் முன்னிலையில் சுடுகிறோம். பதிவேட்டில் கையெழுத்திட்டுத் துப்பாக்கியையும் எண்ணிக்கொடுத்த தோட்டாக்களையும் பெற்று, காலி உறைகளை எண்ணித் திருப்பிக் கொடுப்பதுதான் அங்குள்ள நடைமுறை.

எங்கள் பயிற்சியாளர் ஆயுதப்படைக் காவலில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை ஐயா என்றே அழைப்போம். முதல் ஐந்து வாரம் அவர் என் கையில் பெல்லட்டையே, அதாவது காற்றுத்துப்பாக்கியின் சிறு ஈயக்குண்டையே, கொடுக்கவில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, காலியான காற்றுத்துப்பாக்கியை ஒரு கையால் உயர்த்தி, குழல் முனையிலுள்ள முன்குறியைக் கண்ணுக்குப் பக்கமுள்ள பின்குறியின் பிளவுக்கு நடுவே நிறுத்தி, விசையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. சுடுதளத்தில் இதை 'டிரை' என்பார்கள். சுவரில் இலக்கு எதுவும் இல்லாததால் கண்ணுக்கு முன்குறியைத் தவிர வேறு வேலை இல்லை; விசை விடுபடும் நொடியில் முன்குறி அசைகிறதா என்பது மட்டும் பளிச்சென்று தெரியும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கி இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடு வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதற்கு வெளியே ஒவ்வொரு மதிப்பெண்ணாகக் குறையும் ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். நான் சுடும் துப்பாக்கியில் இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் இருக்கிறது. கை நடுங்கித் துப்பாக்கி முழுவதுமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும். அது இன்னும் பத்திலேயே விழும். ஆனால் முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் அது 31 மில்லிமீட்டராகிவிடுகிறது. கிட்டத்தட்ட நான்கு வளையம். எனவே கை நடுங்குகிறதே என்று கவலைப்படுவதை விட்டுவிட்டுக் குறிகளின் ஒழுங்கை மட்டும் காப்பதே சரியான வழி. நடுக்கத்தை முற்றிலும் நிறுத்த யாராலும் முடியாது. இலக்கின் நடுவிலுள்ள கரும்புள்ளிக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் துப்பாக்கி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும்போதே விசையைச் சீராக அழுத்திக்கொண்டு போக வேண்டும். துல்லியத்தையே தொழிலாகக் கொண்ட நான், ஆட்டம் நின்ற நொடியைப் பிடித்துச் சட்டென்று அழுத்தவே பல மாதங்கள் முயன்றேன். அந்தச் 'சட்டென்று' எழுதிய கதையெல்லாம் வலக்கைக்காரர்களுக்கே உரிய ஏழு மணித் திசையில், இடப்பக்கக் கீழ்மூலையில் துளைகளாக விழுந்துகிடந்தது.

காற்றுத்துப்பாக்கி காட்டிக்கொடுக்கும் குற்றம், சுட்ட பிறகு கையைத் தளர்த்துவது. பெல்லட் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. வெடிமருந்துத் தோட்டாவோடு ஒப்பிட்டால் குழலுக்குள் அது அதிக நேரம் இருக்கிறது. விசை விடுபட்டது என்று மனம் உணர்ந்து கை தளரும் வேளையில் பெல்லட் இன்னும் வெளியேறியிருக்காது என்ற எண்ணத்தோடுதான் நிற்க வேண்டும். விசை விடுபட்ட பின்னும் இரண்டு மூன்று விநாடி முன்குறியைப் பார்த்தபடியே நிற்கச் சொல்வார் ஐயா. நான் இதற்கு ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை சுட்டதும், திரையையோ காகிதத்தையோ பார்ப்பதற்கு முன்னால், குண்டு எங்கே போயிருக்கும் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்: 'ஒன்பது, இரண்டு மணி' என்பதுபோல. பிறகுதான் பார்ப்பேன். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால், அது ஏழாக இருந்தாலும் நல்ல சூடு. ஒத்துப்போகாவிட்டால், பத்தாக இருந்தாலும் எனக்குத் தெரியாமல் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். குறிப்பேட்டில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இந்த ஒத்துப்போன எண்ணிக்கையையும் எழுதுகிறேன். 60 சூடுகளில் இந்த எண்ணிக்கை ஏறிய பிறகு ஒன்றிரண்டு மாதங்களில் மதிப்பெண்ணும் ஏறியதை என் குறிப்பேட்டில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உயர்த்திய கையை இறக்கிவிடவும் பழக வேண்டும். பத்து விநாடிக்குள் சூடு அமையாவிட்டால் கண் களைத்து, ஒழுங்கில்லாத குறிகளையும் ஒழுங்காக இருப்பதாகக் காட்டத் தொடங்கும். இறக்கி, மூச்சு விட்டு, மீண்டும் உயர்த்துவதில் எந்த இழுக்கும் இல்லை. போட்டியில் 60 சூடுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். அவசரம் எல்லாம் நம் மனத்தில்தான் இருக்கிறது.

கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 43 வயதில் எனக்கு வெள்ளெழுத்து தொடங்கியது. இலக்கு தெளிவாகத் தெரிந்தது, முன்குறி பஞ்சுபோல மங்கியது. படிப்பதற்குரிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுட்டேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று, ஏனென்றால் அந்தக் கண்ணாடி 40 சென்டிமீட்டர் தொலைவுக்கானது. என் முன்குறியோ கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் இருக்கிறது. கண் மருத்துவரிடம் துப்பாக்கியை எடுத்துச் செல்ல முடியாது என்பதால், ஒரு மர அளவுகோலின் முனையில் முன்குறியின் அகலத்துக்குக் கறுப்பு நாடாவை ஒட்டி, அதைக் கை நீட்டிப் பிடித்துக் காட்டினேன். அவர் பொறுமையாக ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிவைத்து, நாடாவின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை பார்த்து எழுதிக்கொடுத்தார். இலக்கு சற்று மங்கலாகத்தான் தெரியும். அது அப்படித்தான் தெரிய வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் துப்பாக்கியை மாற்றும் முன் கண்ணாடியை மாற்றிப் பாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஓராண்டு கழித்துப் பாயின்ட் 22 கைக்கு வந்தது. தூரம் 25 மீட்டர். விசையின் எடை, அதாவது அது விடுபடத் தேவையான அழுத்தம், குறைந்தது 1000 கிராம்; காற்றுத்துப்பாக்கியின் 500 கிராமைப்போல் இருமடங்கு. இந்த ஒரே வேறுபாடு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 500 கிராமுக்குப் பழகிய விரல், பாதி வழியில் 'போதும்' என்று நின்றுவிடுகிறது. விசை விடுபடாததைக் கண்டு மனம் பதறி, மீதியை ஒரே இழுப்பாக இழுக்கிறது. திரும்பி வரும்போது நேர்வது இதற்கு மறுதலையானது. பாயின்ட் 22 சுட்ட கையோடு காற்றுத்துப்பாக்கியை எடுத்தால், குறிகள் ஒழுங்காகும் முன்பே விசை விடுபட்டுவிடுகிறது. ஒரு மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் முழுவதும் 25 மீட்டர் தளத்திலேயே இருந்துவிட்டு நேராகக் காற்றுத்துப்பாக்கிப் போட்டிக்குப் போய், மூன்றாவது சூட்டிலேயே கையை உயர்த்திக்கொண்டிருக்கும்போது சுட்டுவிட்டேன். குண்டு கரும்புள்ளிக்கு வெகு கீழே மூன்றாம் வளையத்தில் விழுந்தது. அதன் பிறகு 57 சூடுகளும் என் விரலைப் பற்றிய பயத்திலேயே போயின. இப்போது துப்பாக்கி மாற்றிய நாளில் முதல் இருபது நிமிடம் சுவர்ப் பயிற்சி, அடுத்த பத்துச் சூடுகள் காகிதத்தைத் திருப்பிவைத்து வெள்ளைப் பக்கத்தில், அதற்குப் பிறகே இலக்கு என்று வைத்திருக்கிறேன். போட்டிக்கு முந்தின பத்து நாள் அந்தப் போட்டிக்குரிய துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

பாயின்ட் 22இல் சுவர்ப் பயிற்சி செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தோட்டாவில், அதை வெடிக்கச் செய்யும் ஊசி அடிப்பது அடிப்பகுதியின் விளிம்பில். தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கும்போது அடித்தால் சில துப்பாக்கிகளில் ஊசி நேராகக் குழலின் விளிம்பில் மோதித் தழும்பு ஏற்படுத்தும். துப்பாக்கியிலேயே இதற்கென்று பொறியமைப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், சுவரில் திருகாணி முடுக்குவதற்கு முன் செருகும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கை அறையில் வைத்துப் பயிற்சி செய்வோர் பலர். ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சில அடிகளுக்கு ஒருமுறை திருப்பிவைக்க வேண்டும்.

ஸ்டாண்டர்டு பிஸ்டல் என்ற பிரிவில் ஐந்து ஐந்து சூடுகளாக, 150 விநாடியில் நான்கு தொடர், 20 விநாடியில் நான்கு, 10 விநாடியில் நான்கு என 60 சூடுகள் சுட வேண்டும். 150 விநாடியில் என் துளைகள் கரும்புள்ளிக்குள் திரண்டிருக்கும்; 10 விநாடியில் அதே கை அதே துப்பாக்கியில் காகிதம் முழுவதும் தெளித்துவிடும். வேகமாகச் சுட வேண்டும் என்று எண்ணியதுதான் பிழை என்பதை ஐயா காட்டினார். முதல் சூட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையில் நான் குண்டு விழுந்த இடத்தைத் தேடி இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இலக்குக்குப் போய் முன்குறிக்குத் திரும்புவதற்குள் ஒரு விநாடி போய்விடுகிறது. இழந்த விநாடியை விரல் ஈடுகட்டப் பார்க்கிறது. துப்பாக்கி எழும்பி இறங்கும்போது கண் முன்குறியை விட்டு நீங்காமல் அதனுடனேயே ஏறி இறங்க வேண்டும், விரல் அந்த இறக்கத்திலேயே அடுத்த அழுத்தத்தைத் தொடங்கிவிட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் பிரிவில், ஐந்து தனித்தனி இலக்குகளில் ஐந்து சூடுகளை 4 விநாடிக்குள் முடிக்க வேண்டியிருக்கும். அவர்கள் விரைந்து அழுத்துவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவர்கள் எதையும் வீணாக்குவதில்லை.

என்னை உண்மையில் உலுக்கியது பாயின்ட் 32தான். சென்டர் ஃபயர் எனப்படும் இந்தப் பிரிவில் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமாவிலும் 2006 தோஹாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றார் என்பதால் கழகத்தில் அதன்மேல் தனி மரியாதை உண்டு. துப்பாக்கியின் உதைப்பு அளவோடுதான் இருக்கும். ஆனால் அதன் ஓசையும் மணிக்கட்டில் இறங்கும் அதிர்வும் உடலை முன்கூட்டியே எச்சரித்துவிடுகின்றன. நான் அஞ்சவில்லை என்றே உறுதியாக நம்பினேன். இருந்தும் என் துளைகள் எட்டுக்கும் ஏழுக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தன. பின்குறியை இரண்டு சொடுக்கு மேலே ஏற்றிக்கூடப் பார்த்துவிட்டேன்.

ஐயா ஒன்றும் சொல்லாமல், தோட்டாக்களை அடுக்கும் என் மேகசினை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்று நிரப்பிக் கொடுத்தார். ஐந்தில் எத்தனையாவது இடத்தில் என்று தெரியாமல் மருந்தில்லாத ஒரு காலித்தோட்டாவை நுழைத்திருந்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் விசையை அழுத்தினேன்; 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்டது, வெடிக்கவில்லை. ஆனால் குழலின் முனை ஏதோ கனத்தை அதன்மேல் வைத்ததுபோல இரண்டு விரற்கடை கீழே இறங்கி நின்றது.

"தம்பி, துப்பாக்கி வெடிக்கவே இல்லையே, பின்னே ஏன் மூக்கு கீழே போச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உதைப்பை எதிர்த்து உடல் தானாகவே முன்னால் தள்ளுகிறது. உண்மையான உதைப்பு வரும்போது இரண்டும் கலந்துவிடுவதால், சுடுபவருக்கு அது தெரிவதே இல்லை. காற்றுத்துப்பாக்கியில் உதைப்பே இல்லாததால் இந்தக் குற்றம் முளைப்பதில்லை. பாயின்ட் 22 அதைப் பாதி மறைத்துவிடுகிறது. பாயின்ட் 32 அதை வளர்த்துக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குகிறது. அன்றுமுதல் பாயின்ட் 32 சுடும் நாளெல்லாம் யாரையாவது மேகசின் நிரப்பித் தரச் சொல்கிறேன்; ஐந்துக்கு ஒன்றோ இரண்டோ காலி. ஒரு நாளில் 30 சூடுகளுக்குமேல் சுடுவதும் இல்லை, ஏனென்றால் கை களைத்த பின் சுடும் ஒவ்வொரு தோட்டாவும் அந்த முன்தள்ளலையே பழக்கமாக்குகிறது. காதுக்குள் வைக்கும் உள்செருகியோடு மேலே காதுறையையும் சேர்த்துப் போட்ட பிறகு என் முன்தள்ளல் வெகுவாகக் குறைந்தது. கை அஞ்சியது உதைப்புக்கு அல்ல, ஓசைக்கு என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

இதே துப்பாக்கியில்தான் என் ஆறு ஆண்டுகளில் மிகவும் அஞ்சத்தக்க காலை ஒன்றும் கழிந்தது. பழைய தோட்டாக்களில் ஒரு பெட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து மேடையில் நின்றவரின் துப்பாக்கியிலிருந்து வழக்கமான வெடிப்புக்குப் பதிலாகப் 'பொட்' என்று நமத்துப்போன ஒரு சத்தம் வந்தது. காகிதத்தில் துளை விழவில்லை. அவர் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றப்போனார். ஐயா கத்திய 'நிறுத்து' என்ற குரல் காதுறையைத் தாண்டிக் கேட்டது. துப்பாக்கியை இலக்குப் பக்கமாகவே வைத்து, மேகசினைக் கழற்றி, அறை காலி என்று பார்த்து, துடைக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டபோது அது பாதியில் நின்றது. போதிய மருந்து எரியாததால் ஈயக்குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதியிருந்தால் குழல் வெடித்திருக்கலாம். அந்தப் பெட்டி முழுவதையும் ஒதுக்கிவைத்தார்கள். சத்தம் குறைந்தால் நிறுத்துங்கள். உதைப்பு குறைந்தால் நிறுத்துங்கள். காகிதத்தில் துளை இல்லையென்றால் கண்டிப்பாக நிறுத்திப் பாருங்கள். விசையை அழுத்தியும் வெடிக்கவே இல்லையென்றால், துப்பாக்கியை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்துக்கொண்டு மறுகையை உயர்த்துங்கள். தோட்டா தாமதித்து வெடிப்பதும் உண்டு.

நான்காவது, 50 மீட்டர் பிஸ்டல். ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் ஏற்றும் பாயின்ட் 22. விசையின் எடைக்கு விதிமுறையில் கீழ்வரம்பே கிடையாது. கைப்பிடி மரம் விரல்களைச் சுற்றி ஒரு கையுறைபோல மூடிக்கொள்ளும். ஜித்து ராய் 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற பிரிவு இது. ஒலிம்பிக்கில் 2016 ரியோவே இதற்குக் கடைசி; அந்தக் கடைசிப் போட்டியிலும் தென்கொரியாவின் ஜின் ஜோங் ஓ, இறுதிச்சுற்றின் நடுவே 6.6 என்று ஒரு சூட்டைத் தவறவிட்டு மீண்டு வந்து, தொடர்ந்து மூன்றாவது தங்கத்தை வென்றார். இவ்வளவு அழகான பிரிவை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்திருக்கவே கூடாது என்பது என் எண்ணம். இது காட்டும் குற்றம் கைப்பிடியிலுள்ளது. ஒவ்வொரு முறையும் கை மரத்தில் ஒரே இடத்தில் பொருந்தாவிட்டால், 10 மீட்டரில் ஒன்பதாக விழும் பிழை இங்கே எட்டாகவும் ஏழாகவும் விழும்.

அதனால்தான் கைப்பிடிமேல் எனக்கு அக்கறை வந்தது. வால்நட் மரக் கைப்பிடி கடையிலிருந்து வரும்போது யாருடைய கைக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. காற்றுத்துப்பாக்கியின் கைப்பிடியில் என் உள்ளங்கைக் குழிக்கும் மரத்துக்கும் இடையே ஒரு சிறு வெற்றிடம் இருந்தது. எம்-சீலை இரண்டு பங்கும் சேர்த்துப் பிசைந்து அந்த இடத்தில் அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையை விரித்துப் பவுடர் தூவி, சுடும்போது பிடிப்பதுபோலவே பிடித்து இறுகும்வரை நின்றேன். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறக்கும்போது முன்குறி பிளவின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்தேன். மூன்று ஞாயிறுகள் பிடித்தன. கண்ணைத் திறந்ததும் முன்குறி தானாகவே நடுவில் நின்ற அந்தக் காலை இன்றும் நினைவில் இருக்கிறது. மே மாதத்தில் வியர்வை மரத்தை வழுக்கச் செய்யும். தேய்த்த மரத்தைப் பளபளப்பாக மெருகிடாமல் சொரசொரப்பாகவே விட்டு, பத்துச் சூடுகளுக்கு ஒருமுறை பருத்தித் துண்டால் கையைத் துடைக்கிறேன்.

இன்னும் இரண்டு மட்டும். காற்றுத்துப்பாக்கியின் விசை எடையைக் கீழ்வரம்பான 500 கிராமிலேயே வைக்காதீர்கள். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிட்ட மறுநாள் ஒரு போட்டியில், சோதனை மேசையில் என் துப்பாக்கியின் விசை 500 கிராம் எடைக்கல்லைத் தூக்கவில்லை. வரிசையை விட்டு விலகிச் சரிசெய்துகொண்டு மீண்டும் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று, அந்தப் பதற்றம் போட்டி முடியும்வரை தணியவில்லை. 520 கிராமில் வைத்துப் பழகுங்கள். மற்றொன்று, பெல்லட்டும் தோட்டாவின் குண்டும் ஈயம். சுடுதளத்தில் எதையும் உண்ணாதீர்கள்; வீட்டுக்குக் கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

போன ஞாயிறு பாயின்ட் 32 எடுத்தேன். ஐயா ஊரில் இல்லாததால் கல்லூரி மாணவி ஒருவர் மேகசின் நிரப்பித் தந்தார். ஆறு மேகசின்களில் மொத்தம் எட்டுக் காலித்தோட்டாக்கள் இருந்தன. ஆறில் குழல் அசையவில்லை. ஏழாவதில் லேசாகத் தலையாட்டியது. எட்டாவது கடைசி மேகசினின் கடைசித் தோட்டா. அதில் நன்றாகவே இறங்கியது. "அண்ணா, இதையும் எழுதிக்கணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். எழுதச் சொல்லிக் குறிப்பேட்டை நீட்டினேன்.